எண்ணிக் கொடுத்த ஆமைகள்

எனக்கு நெருப்பு வைக்கிற வேலை. என் பெண்டாட்டி கிருபாவதிக்கு நெருப்பிலிருந்து ஆமை தூக்குகிற வேலை. முதல் வேலைக்குக் கூலி உண்டு. இரண்டாவதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். நடந்த இத்தனைக்கும் அதுதான் காரணம்.

நாகலாபுரத்துக்கு மேற்கே மலையடியில் எங்கள் காலனி. தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் திருப்பதியிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் டாக்டர் வேதாச்சலம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, காட்டைப் படித்த டாக்டர். இது தெரியாமல் நாலைந்து பெண்கள் காய்ச்சல்காரக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றுவிட்டார்கள். மனுஷனுக்கு ஒரே வெட்கம். குழந்தைகளையும் தாய்மார்களையும் அதே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஜீப் திரும்பும்வரை எங்கள் சர்ச்சு வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் என்னிடம் வேலையைப் பற்றிச் சொன்னார்.

மலைச் சரிவில் மஞ்சம்புல் மண்டி, இங்கொன்றும் அங்கொன்றுமாக உசிலும் கருங்காலியும் நிற்கிற இடத்தில் மூன்று கட்டங்கள் அளந்து கல் நட்டார். முதல் கட்டத்துக்கு ஒவ்வொரு மாசி மாதமும் நெருப்பு வைக்க வேண்டும். இரண்டாவதுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. மூன்றாவதில் எந்தக் காலத்திலும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. நெருப்புக்கு முன்னும் பின்னும் மரத்தை அளந்து, புல்லை அறுத்து எடை போட்டு, பறவை, முயல், ஆமை எல்லாவற்றையும் எண்ண வேண்டும். இப்படி வருஷக்கணக்காகச் செய்தால்தான் நெருப்பு இந்தக் காட்டை என்ன செய்கிறது என்று தெரியவருமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. புல்லுக்கு நெருப்பு வைத்தான் என்று என் நைனாவை ஃபாரஸ்ட் கார்டு மரத்தில் கட்டிவைத்து அடித்தது அதே சரிவில்தான். இப்போது கூலி கொடுத்துக் கொளுத்தச் சொல்கிறார்கள். சரி, காலம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை கொளுத்தியது வெறும் ஒத்திகை. அப்போது எண்ணிக்கை எதுவும் தொடங்கவில்லை. சாம்பலில் நடந்துகொண்டிருந்த கிருபாவதி ஓர் ஈச்சம் புதர் அருகே குனிந்து எதையோ எடுத்தாள். கட்டாமை. முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போட்டிருக்குமே, அந்த ஆமை. ஓடு கருகிப் போயிருந்தது. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே வெந்திருந்தது.

"முயலு ஓடிப் போயிச்சு, கௌதாரி பறந்து போயிச்சு. இது மட்டும் தலைய இஸ்துக்கினு குந்திக்கினுகீது பாரு. நெருப்பு வந்தாக்கூட நாய் வந்த மாதிரின்னு நெனச்சிக்கிச்சு போல" என்றாள்.

"தூக்கிப் போட்டுட்டு வாம்மே" என்றேன்.

அடுத்த கார்த்திகை மழையில் ஆமைகள் வெளியே வந்தபோது டாக்டரும் நானும் பிடித்துப் பிடித்து, ஓட்டின் ஓரத்தில் அரத்தால் ராவி அடையாளம் வெட்டினோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். டாக்டர் சத்தமாகச் சொல்லச் சொல்லக் கிருபாவதி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் அவளைப் பார்த்து, "நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்கம்மா. நெருப்புக்கு அப்புறம் திரும்ப எண்ணிச் சொல்லணும்" என்றார். அவள் சர்ச்சில் தலையாட்டுவது போல் பயபக்தியாகத் தலையாட்டினாள்.

அவள் தலையாட்டியதன் அர்த்தம் அவருக்குத் தெரிய வழியில்லை. அவளுடைய நைனா ஊர்ப் பெரிய வீட்டு ஆடுகளை மேய்த்தவர். காலையில் பட்டியிலிருந்து எண்ணி விடுவார்கள், சாயங்காலம் எண்ணி வாங்குவார்கள். நரி தூக்கினாலும் சரி, பாம்பு தீண்டினாலும் சரி, ஒன்று குறைந்தால் மேய்த்தவன் பாடு அவ்வளவுதான், அன்றைக்கு அவன் வீட்டில் அடுப்பு எரியாது. பாவாடை கட்டத் தெரிந்த வயதிலிருந்து கிருபாவதி அந்த ஆடுகளோடு மலையில் சுற்றியவள். ஒருவர் எண்ணிக் கொடுத்தால் அதைக் காப்பாற்றி எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு எதற்காக மனுஷன் எண்ணுவான்?

மாசியில், நெருப்பு வைப்பதற்கு முந்தின சாயங்காலம், அவள் சாக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். எந்த ஆமை எந்தப் புதருக்கடியில் முடங்கியிருக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போய், தண்ணீர் வற்றிய ஓடையின் கல் சந்தில் விட்டு, சுற்றிலும் காரை முள் வெட்டி ஆட்டுப்பட்டி மாதிரியே அடைத்தாள். மறுநாள் காலையில் டாக்டர் வந்தார், நான் கொளுத்தினேன், அவர் ஜீப்பேறிப் போய்விட்டார். சாம்பல் ஆறியதும் இவள் ஒவ்வொன்றையும் அதனதன் புதரடியில் கொண்டுபோய் விட்டாள். ஒரு வாரம் கழித்து அவர் வந்து எண்ணியபோது எல்லாம் இருந்தன.

"ஒண்ணு கூடக் குறையலையா!" என்று டாக்டர் வாயைப் பிளந்தார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சார்" என்றாள் கிருபாவதி. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தான் தூக்கிவைத்ததை அவள் சொல்லிக்காட்டவில்லை. ஆட்டுக்காரன் எப்படிக் காப்பாற்றினான் என்று எந்த முதலாளியாவது கேட்டிருக்கிறானா? நானும் சொல்லவில்லை. எனக்கென்ன தெரியும்? ஆமைக்குப் பட்டி போடுகிற பைத்தியம் என்று காலனியில் அவளைக் கேலி செய்ததோடு சரி.

வருஷங்கள் இப்படியே போயின. டாக்டருக்கு முடி நரைத்தது. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. பையன்கள் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் போனார்கள். சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு அவர்களே பஸ் அனுப்பி மிச்சமிருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் மகள் அபிகாயில் நர்சுக்குப் படித்துவிட்டுக் குவைத்துக்குப் போனாள். ஆடு மேய்க்க ஆளில்லை என்று ஆடுகளை விற்றார்கள். கூரைக்குப் புல் அறுக்கிற வேலையும் நின்றுபோனது, எல்லாம் சிமெண்டு ஷீட்டு, காங்கிரீட் போட்ட மெத்தை வீடு என்று ஆகிவிட்டது. மேயவும் ஆளில்லை, அறுக்கவும் ஆளில்லை என்றால் புல் சும்மா இருக்குமா? இடுப்புயரம் நின்ற மஞ்சம்புல் ஆளை மறைக்கிற உயரத்துக்கு வந்துவிட்டது. சித்திரை வெயிலில் எவனோ போட்ட பீடித் துண்டுக்கு மலை பற்றிக்கொண்டு நாள் கணக்கில் எரிந்தது. அந்தப் புகையில் என் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீடு தெரியவில்லை.

மலைக்குப் பொறுப்பாக நாகபூஷணம் என்று ஒரு ஃபாரஸ்ட் அதிகாரி வந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரர். சித்திரையில் பெருநெருப்பு வருமுன் மாசியிலேயே மலை முழுவதையும் நாமே மெல்லக் கொளுத்திவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மாசி நெருப்பு என்ன செய்யும் என்று பதினைந்து வருஷமாகக் கணக்கு வைத்திருப்பவர் யார்? எங்கள் டாக்டர்தான்.

திருப்பதியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் டாக்டரே கார் அனுப்பி அழைத்திருந்தார். கிருபாவதி கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவருக்குச் சால்வை போட்டார்கள். அவர் தெலுங்கில் பேசினார். மாசி நெருப்பில் எந்த மரம் பட்டுப்போனது, எது வேரிலிருந்து துளிர்த்தது, எந்தப் புல் மறுபடி வந்தது எல்லாம் சொன்னார். பிறகு அவர் "தாபேலு" என்றதும் கிருபாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆமைக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். தன் பிள்ளையின் பெயரை மேடையில் கூப்பிட்டது போல் அவள் முகம் மலர்ந்துபோனது.

இவ்வளவு மெதுவாக நகர்கிற ஆமையே பதினைந்து வருஷ நெருப்பில் ஒன்றுகூடச் சாகவில்லை என்றார் டாக்டர். எல்லோரும் கை தட்டினார்கள். கிருபாவதியும் தட்டினாள். அடுத்து நாகபூஷணம் எழுந்து, ஆமைக்கே ஒன்றும் ஆகாதபோது வேறு எதற்கு ஆகப்போகிறது, வருகிற மாசியிலிருந்து மலை முழுக்க நெருப்பு வைக்கிறோம் என்றார்.

அவள் கைதட்டுவது நின்றது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தாய்யா, மல முச்சூடுமா கொளுத்தப் போறாங்க?"

"ஆமாம் போலகீது."

"அங்க கீற ஆமைங்கள யாரு தூக்குவாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வருஷமாக அவர் எதற்காக எண்ணினார் என்பது அந்த நிமிஷத்தில்தான் என் மரமண்டையில் ஏறியது. "வாய மூடிக்கினு வா, வூட்ல பேசிக்கலாம்" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டு நேரே வெளி வராந்தாவுக்குப் போனாள். டாக்டர் சால்வையோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆமைங்க சாவாம இருந்ததுக்குக் காரணம் நான்தான் சார்."

டாக்டர் சிரித்தார். "ஆமா கிருபாம்மா, உங்க ரெண்டு பேரோட உழைப்புதான் எல்லாம்."

"அத்தச் சொல்லல சார். நெருப்புக்கு மொத நாளு எல்லாத்தியும் சாக்குல போட்டு ஓடைக்குத் தூக்கிக்கினு போயிடுவேன். சாம்பல் ஆறினதும் இட்டுக்கினு வந்து வுட்டுடுவேன்."

காபி டம்ளர் அவர் கையில் அப்படியே நின்றது. "எந்த வருஷம்?"

"எல்லா வருஷமும் சார். நீங்க எண்ணிக் குடுத்தீங்களே."

அவ்வளவு சாதுவான மனுஷன் கத்துவதை அன்றுதான் கேட்டேன். "உன்ன யார் தூக்கச் சொன்னது? சாகுதா இல்லையான்னு பாக்கத்தானேம்மா எண்ணினேன்!" வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

கிருபாவதி நகரவில்லை. "சாவுதான்னு பாக்கறதுக்கா? என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார். சாவும். என் கண்ணால பாத்தேன்" என்றாள்.

டாக்டர் படியில் உட்கார்ந்து சால்வையை மடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, அவர்மேலும் வரவில்லை. யார்மேல் வருவது என்று தெரியாமல் போகிற கோபம் இருக்கிறதே, அது பெரிய இம்சை. அவர் காரை எதிர்பார்க்காமல் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா எல்லோரையும் முறைத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரை ஒன்று சொல்ல வேண்டும். மறைத்துவிட்டுப் போயிருக்கலாம், அவர் மறைக்கவில்லை. ஆமைக் கணக்கு முழுவதும் தப்பு என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நாகபூஷணம் நம்பவில்லை. பதினைந்து வருஷத்துக் கணக்கை ஒரு கூலிக்காரி வார்த்தைக்காகத் தூக்கி எறிவதா, ஆமை சாகும் என்றால் எத்தனைக்கு எத்தனை சாகும், நம்பர் கொண்டு வாருங்கள், வந்தால் மலைக்கு வைப்பதை நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் சொல்ல டாக்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வர்ற மாசி... மொதல் கட்டத்துல... தூக்காம விடணும் கிருபாம்மா."

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "வேற வழியே இல்லியா சார்? நாங்க வந்து சத்தியம் பண்றோம். பைபிள் மேல கை வெச்சுச் சொல்றோம்."

"சத்தியத்துக்கு அங்க எடமில்ல இஸ்ரேல். நம்பர்தான் கேக்கறாங்க."

"மல முச்சூடும் எவ்ளோ ஆம இருக்கும் சார்?" என்று கேட்டாள் கிருபாவதி.

"ஆயிரக்கணக்குல இருக்கும்மா."

அந்தக் கார்த்திகையில் ஆமைகளை எண்ணும்போது அவள் முணுமுணுக்கவில்லை. எண்ணி முடித்துவிட்டு ஓடையில் போய்க் கைகழுவினாள், வெகுநேரம் கழுவினாள். வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "துன்னும்மே" என்று நான் அதட்டினால் ஒரு வாய் வைப்பாள். அபிகாயில் குவைத்திலிருந்து போனில், "ஆமைக்காம்மா இப்டி அழுவற? என்ன ஏரோப்ளேன் ஏத்தி வுட்டப்போகூட நீ இப்டி அழுவலியே" என்றாள். "நீ கெட்டிக்காரி, எங்க போனாலும் பொழச்சிக்குவ. அதுங்களுக்கு ஓடத் தெரியாதுடி" என்றாள் இவள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மகளிடம், இங்கே மழை இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாசி வந்தது. கொளுத்துகிற அன்று விடிந்ததும் விடியாததுமாக, லைன் சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன். பொய். கட்டத்தைச் சுற்றிப் புல் செதுக்கிய ஃபயர் லைன் முந்தின வாரமே தயாராகிவிட்டது. என் தோளில் சாக்கு இருந்தது.

எனக்கு மலையும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். நாலைந்தையாவது காப்பாற்றிக் காட்டினால் ஒரு வாய் சோறு தின்பாள் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு அவளைப் போலத் தேடத் தெரியவில்லை. புதருக்குள் கையை விட்டுக் காரை முள்ளில் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆறு ஆமை கிடைத்தது. சாக்கைப் பாறைக்குப் பின்னால் வைத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல் நின்றேன்.

டாக்டரும் அவளும் ஒன்றாக ஏறி வந்தார்கள். டாக்டர் காற்றைப் பார்க்கப் போனார். அவள் என் கையைப் பார்த்தாள்.

"கையில இன்னா ரத்தம்?"

"லைன்ல முள்ளு."

"லைன்லதான் ஒரு செடி கூட இல்லியே" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "எங்கய்யா வெச்சிகீற?" என்றாள்.

நான் பாறையைப் பார்த்தேன். அவள் போய்ச் சாக்கை அவிழ்த்தாள். உள்ளே பார்த்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தபோது கண்ணில் அவ்வளவு பிரியம் இருந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான் இருக்கும்.

"பைத்தியக்காரா. கணக்கு தப்பாப் போயிடும்யா" என்றாள்.

"போனா போவட்டும். எவனுக்கு வேணும்?"

"ஒருக்கா நான் தப்பாக்கினதுக்குத்தான் இம்மாம் பெரிய மல எரியப் போவுது. ரெண்டாவது தபாவும் தப்பானா அப்புறம் கேக்கறதுக்கு நாதி இருக்காது."

ஆறையும் மடியில் கட்டிக்கொண்டு அவளே கட்டத்துக்குள் போனாள். எது எந்தப் புதர் என்று நான் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு புதரடியிலும் குனிந்தாள், எழுந்தாள். கடைசி ஆமையை வைத்த இடத்தில் கொஞ்சநேரம் நின்றாள். அதன் முதுகைப் புறங்கையால் தடவிவிட்டு, சுற்றிலும் புல்லை முன்பு இருந்த மாதிரியே சரி பண்ணினாள். வெளியே வந்து, "வெய்யி" என்றாள்.

எண்ணெய் சொட்டுகிற டப்பாவைப் பற்றவைத்து லைனோரமாக நடந்தேன். பதினைந்து வருஷமாக நடந்த நடைதான். ஆளுயரப் புல் சடசடவென்று பற்றியது. முயல் இரண்டு எங்களைத் தாண்டி ஓடின. கரிச்சான்கள் புகைக்கு மேலே பூச்சி பிடித்துக்கொண்டிருந்தன. கிருபாவதி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சூடு தாங்காமல் டாக்டரும் நானும் பின்னுக்குப் போனோம். அவள் நின்ற இடத்திலேயே நின்று, நெருப்பு மறு லைனைத் தொட்டு அணைகிறவரை பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து எண்ண வேண்டும் என்பது முறை. அவள் மறுநாளே போகலாம் என்றாள். டாக்டர் அவள் பேச்சைத் தட்டவில்லை. செருப்பையும் மீறி உள்ளங்கால் சுட்டது. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி லைனோரத்தில் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். ஓட்டு விளிம்பில் நான் ராவிய வெட்டைத் தடவிப் பார்த்து எண்ணைச் சொன்னாள். சிலது வெடித்திருந்தது. சிலது பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தூக்கினால் கனமே இல்லை. உயிரோடு இருந்தவை ஐந்து, எல்லாம் பாறைச் சந்தில் கிடந்தவை. முப்பத்தொன்றுக்கு ஐந்து. ஒவ்வோர் எண்ணையும் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் டாக்டர் குனிந்து கேட்டுத்தான் எழுதினார்.

எழுதி முடித்துவிட்டு, "போதும் கிருபாம்மா. நல்ல நம்பர். இத எவனும் மறுக்க முடியாது" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். கிருபாவதி அவருக்குத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவள் மட்டும் அன்று அழவில்லை. மேல் துண்டை விரித்து அந்த ஓடுகளை எல்லாம் நான்தான் மூட்டை கட்டினேன். எங்கள் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே ஒரு குழி தோண்டிப் புதைத்தோம். சர்ச்சு ஐயர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

அந்த வருஷம் மலைக்கு யாரும் நெருப்பு வைக்கவில்லை. சித்திரையில் சும்மா பயந்துகொண்டே இருந்தோம், தெய்வாதீனமாகப் பெருநெருப்பும் வரவில்லை. கிருபாவதி கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் சாயங்காலம் எனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மலையை நிமிர்ந்து பார்த்து, "எங்கியோ மேஞ்சிக்கினு கீதுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. போனது போகட்டும், முடிந்தது என்று நினைத்தேன்.

ஆவணியில் டாக்டர் வந்தார். இந்தத் தடவையும் நாற்காலியில் உட்காரவில்லை.

"ஒரு வருஷத்துக்குத்தான் நிறுத்தி வெச்சிருக்காங்க இஸ்ரேல்."

"இன்னா சார் பேச்சு இது? நம்பர் குடுத்தா நிறுத்தறேன்னு சொன்னாரே அந்தாளு!"

"ஒரு வருஷத்து நம்பர வெச்சு முடிவு பண்ண முடியாதாம். அந்த வருஷம் காத்து ஜாஸ்தியா இருந்திருக்கலாம், புல் ஜாஸ்தியா இருந்திருக்கலாம். இன்னும் ரெண்டு மூணு வருஷம் பாக்கணும்ங்கறாங்க. நாம பாக்கறதா இருந்தா அதுவரைக்கும் மலைக்கு வைக்க மாட்டாங்க. அவங்க கேக்கறதுல தப்பில்ல. வேற யாராவது ஒரு வருஷத்த மட்டும் காட்டியிருந்தா நானும் இதத்தான் கேட்டிருப்பேன்."

"கட்டத்துலதான் ஆமையே இல்லியே சார்!" என்று கத்தினேன். "அஞ்சுதானே மிச்சம்?"

டாக்டர் தரையைப் பார்த்தார். "வெளிய இருந்து கொண்டாந்து விடணும். மூணாவது கட்டத்துலருந்தோ, மேல இருந்தோ." பிறகு அவசரமாக, "உங்கள நான் கேக்கல. வேற ஆள வெச்சுக்கறேன். இல்ல, முடியாதுன்னு எழுதிடறேன். நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "எங்க தலையில கொண்டாந்து போடறீங்களா? படிச்சவங்கதானே நீங்க, நீங்களே முடிவு பண்ணுங்க! நெருப்பு வெக்க இனிமே நான் வர மாட்டேன். எவன இட்டுக்கினு போவீங்களோ இட்டுக்கினு போங்க!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் அத்தனையும் வாங்கிக்கொண்டு நின்றார். முடியாது என்று எழுதினால் வருகிற மாசியிலேயே மலை எரியும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கத்துவதைத் தவிர எனக்கு வேறு என்ன இருந்தது?

கிருபாவதி அடுப்பு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. நான் கத்தி ஓய்ந்த பிறகு அடுப்பை அணைத்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து வந்து டாக்டர் எதிரில் நின்றாள்.

"எத்தினி வேணும் சார்?" என்று கேட்டாள்.